நெமெத்ஸ் முதல் நிம்ஸா வரை: ‘ஊமையர்’ என்றொரு பெயரின் வரலாறு

அரபு மொழியில் அச்சிடப்பட்ட ஐரோப்பிய வரைபடத்தைப் பார்க்கும் மாணவர்கள் ஒரு பெயரில் வந்து தயங்குவார்கள். பிரான்ஸ் ‘ஃபரன்ஸா’ என்றும், இத்தாலி ‘ஈதாலியா’ என்றும், ஜெர்மனி ‘அல்மானியா’ என்றும் எழுதப்பட்டிருக்கும். இவற்றைச் சற்று முயன்றால் இனங்கண்டுவிடலாம். ஆனால் ஜெர்மனிக்குத் தெற்கே, வியன்னாவைத் தலைநகராகக் கொண்ட ஆஸ்திரியாவின் மீது ‘அந்நிம்ஸா’ என்று எழுதியிருக்கும். ஆஸ்திரியா என்னும் பெயரின் சாயல் அதில் இல்லை.

அரபு மொழியின் இயல்புப்படி வேர்ச்சொல்லைத் தேடினாலும் பயனில்லை. நூன், மீம், ஸீன் என்னும் மூவெழுத்துகளின் கீழ் அகராதிகள் ‘நாமூஸ்’ என்ற சொல்லைத் தருகின்றன. முதல் வஹீ இறங்கிய செய்தியைக் கேட்ட வரக்கா இப்னு நவ்ஃபல், மூஸா (அலை) அவர்களிடம் வந்த வானவரைக் குறிக்க ஆண்ட சொல் அது. கீரிப்பிள்ளையைக் குறிக்கும் ‘நிம்ஸ்’ என்ற சொல்லும் அங்கேயே உள்ளது. இவற்றுள் எதற்கும் ஆல்ப்ஸ் மலைநாட்டோடு தொடர்பு கிடையாது. ‘நிம்ஸா’ அரபு மண்ணில் முளைத்த சொல்லன்று. அதன் பிறப்பிடம் ஸ்லாவிய மொழிகள். ரஷ்ய மொழியிலும் பல்கேரிய மொழியிலும் இன்றளவும் அன்றாடம் புழங்கும் ‘நெமெத்ஸ்’ என்னும் சொல்லே பல கைகள் மாறி அரபுலகின் வரைபடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. அச்சொல்லின் பொருளை அறிந்தால் வியப்பும் சற்றே வருத்தமும் ஏற்படும். அதன் முதற்பொருள் ‘ஊமையன்’ என்பதாகும்.

சொல்லும் அதன் வேரும்

இன்றைய ரஷ்ய மொழியில் ‘நெமெத்ஸ்’ என்றால் ஜெர்மானியன் என்று பொருள். பன்மையில் ‘நெம்த்ஸி’. ஜெர்மன் மொழிக்கு ‘நெமெத்ஸ்கி யஸிக்’ என்று பெயர். பல்கேரிய மொழியிலும் ஜெர்மானியன் ‘நெமெத்ஸ்’ என்றே அழைக்கப்படுகிறான். மொழி ‘நெம்ஸ்கி எஸிக்’. ஆனால் நாட்டைக் குறிப்பிடும்போது இரு மொழியினரும் ‘கெர்மானியா’ என்ற இலத்தீன் வழிப் பெயரையே ஆளுகின்றனர். மக்களுக்கும் மொழிக்கும் பழைய உள்ளூர்ப் பெயர், நாட்டுக்கு ஏட்டுவழிப் பெயர் என்னும் இப்பிளவு கவனிக்கத்தக்கது. போலந்து, செக், செர்பிய மொழியினர் நாட்டையும் இந்தப் பழைய வேரிலிருந்தே பெயரிட்டு அழைக்கின்றனர்.

ரஷ்ய மொழியில் ‘நெமோய்’ என்பது ஊமையைக் குறிக்கும் பெயரடை. பெயரடையோடு ஒரு விகுதியைச் சேர்த்து, அத்தன்மை உடைய ஆளைக் குறிக்கும் பெயரை ஆக்குவது ஸ்லாவிய மொழிகளின் பழைய முறை. ‘ஸ்லெபோய்’ என்றால் குருடான. ‘ஸ்லெபெத்ஸ்’ என்றால் குருடன். ‘க்ளூபி’ என்றால் அறிவற்ற. ‘க்ளுபெத்ஸ்’ என்றால் மூடன். இதே வழியில் ‘நெமோய்’ என்பதன் வேரிலிருந்து ‘நெமெத்ஸ்’ பிறந்தது.

பல்கேரிய மொழியில் இவ்வுறவு சற்று மறைந்து கிடக்கிறது. அங்கே ஊமை என்பதற்கு ‘ந்யாம்’ என்று வழங்குகிறது. பழைய ஸ்லாவியத்தில் இருந்த ஓர் உயிரொலி, பல்கேரிய இலக்கிய மொழியில் அடுத்து வரும் அசையைப் பொறுத்து ஓரிடத்தில் ‘யா’ என்றும் மற்றோரிடத்தில் ‘எ’ என்றும் பிரிந்துவிட்டதே இதற்குக் காரணம். ஒருவனை ஊமை என்று சொல்லும்போது ‘ந்யாம்’. பலரைச் சொல்லும்போது ‘நெமி’. எனவே ‘ந்யாம்’, ‘நெமெத்ஸ்’ என்னும் இரண்டும் ஒரு தாய் மக்கள் என்பது பல்கேரியரின் செவிக்கு உடனே புலப்படுவதில்லை. ரஷ்யரின் செவிக்கோ அது எளிதில் புலப்படும்.

இதற்கு வேறொரு விளக்கமும் கூறப்பட்டதுண்டு. ரைன் ஆற்றங்கரையில் ‘நெமெதெஸ்’ என்னும் பழங்குடியினர் வாழ்ந்ததாக ரோமானிய நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர்களின் பெயரே ஸ்லாவிய மொழிகளில் ஜெர்மானியர் அனைவருக்கும் பொதுப்பெயராயிற்று என்பது அக்கருத்து. ஆனால் அக்குடியினர் வாழ்ந்ததோ ஸ்லாவியரிடமிருந்து வெகு தொலைவில், மேற்கே. ரஷ்ய மொழியின் சொற்பிறப்பியல் அகராதியை 1950க்கும் 1958க்கும் இடையே ஹைடல்பெர்க் நகரில் வெளியிட்ட மாக்ஸ் ஃபாஸ்மர் உள்ளிட்ட அறிஞர்கள், ஊமை என்னும் வேரையே ஏற்றனர்.

பேசுவோரும் பேசாதோரும்

ஓர் இனம் அண்டை இனத்தை ஊமையர் என்று அழைத்ததன் உட்கருத்து என்ன? ஜெர்மானியருக்குப் பேசத் தெரியாது என்று எவரும் நம்பியிருக்க முடியாது. ‘நம்மொழி பேசத் தெரியாதவன் பேசாதவனுக்குச் சமம்’ என்பதே அதன் பொருள்.

இதன் மறுபக்கம் ‘ஸ்லாவியர்’ என்னும் பெயரிலேயே இருக்கிறது. அவர்கள் தங்களைக் குறித்துக்கொண்ட பழம்பெயர் ‘ஸ்லொவேனெ’. ஸ்லாவிய மொழிகளில் ‘ஸ்லோவோ’ என்றால் சொல். ஆகவே ‘சொல் உடையோர்’, ‘ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்குவோர்’ என்பதே அப்பெயரின் பொருள் எனப் பலர் கருதுகின்றனர். மொழியியலறிஞர் ரோமன் யாகொப்ஸன் இக்கருத்தினர். அப்பெயரின் விகுதி பெரும்பாலும் இடப்பெயர்களோடு சேர்வது. ஆதலால் ஏதோ ஓர் ஆற்றின் பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என மறுப்போரும் உளர். பிறப்பு எதுவாயினும், ‘ஸ்லோவோ’, ‘நெமெத்ஸ்’ இரண்டையும் அருகருகே கேட்டு வளர்ந்தவனின் மனத்தில் உலகம் இரண்டாகப் பிரிந்தது: இப்பக்கம் சொல் உடையோர், அப்பக்கம் ஊமையர்.

வரலாறு இப்பெருமிதத்தை வேறு விதமாகத் திருப்பிப்போட்டது. இடைக்காலத்தில் ஸ்லாவியர் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டனர். அதனால் அவர்களது பெயரே மேற்கு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அடிமை என்பதற்கான சொல்லாயிற்று. ஊமையர் என்று அவர்கள் அழைத்த ஜெர்மானியரின் மொழியிலும் அடிமைக்கு ‘ஸ்க்லாவெ’ என்றே பெயர். அரபியில் அவர்கள் ‘ஸகாலிபா’ எனப்பட்டனர். அந்த வணிகத்தின் சந்தைகள் அன்றைய முஸ்லிம் ஆட்சிப் பகுதிகளிலும் இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

வேதத்திற்கு எந்த மொழி?

9ஆம் நூற்றாண்டில் இச்சொல் எழுத்தில் பதிவாகும் சூழல் சுவையானது. மொராவிய அரசன் ரஸ்திஸ்லாவ், தன் மக்களுக்குப் புரியும் மொழியில் சமயம் போதிக்க ஆசிரியர்களை அனுப்புமாறு பைசாந்தியப் பேரரசரை வேண்டினான். பல நாட்டிலிருந்தும் போதகர்கள் வந்து பலவாறாகப் போதிக்கின்றனர் என்று அவன் முறையிட்டபோது, அவர்கள் வந்த நாடுகளுள் ஒன்றாக ‘நெமெத்ஸ்’ நாட்டைக் குறிப்பிட்டதாக மெதோதியஸின் பழைய ஸ்லாவிய வரலாற்று நூல் கூறுகிறது. 863ஆம் ஆண்டளவில் கான்ஸ்டன்டைன், மெதோதியஸ் என்னும் சகோதரர்கள் அங்குச் சென்றனர். கான்ஸ்டன்டைனே பிற்காலத்தில் சிரில் எனத் துறவுப் பெயர் பெற்றவர். அவர்கள் ஸ்லாவிய மொழிக்கு எழுத்தமைத்து, வழிபாட்டு நூல்களை மொழிபெயர்த்தனர்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் மட்டுமே இறைவனைத் துதிக்கலாம் என்று இலத்தீன் குருமார்கள் வாதிட்டனர். அதாவது, அண்டை வீட்டாரை ஊமையர் என்றழைத்த ஸ்லாவியரே இப்போது இறைவனின் முன்னிலையில் ஊமையராக நிறுத்தப்பட்டனர். வெனிஸ் நகரில் நடந்த வாதத்தில், தத்தம் மொழியிலேயே இறைவனைத் துதிக்கும் சமூகங்களைக் கான்ஸ்டன்டைன் வரிசைப்படுத்திச் சொன்னதாக அவரது வரலாறு பதிவு செய்கிறது. அவ்வரிசையில் ஆர்மீனியர், பாரசீகர் முதலானோருடன் அரபியரும் இடம்பெறுகின்றனர். இளமையில் அவர் அப்பாஸியர் நாட்டிற்குத் தூது சென்றதாகவும் அந்நூல் கூறும்.

மெதோதியஸ் மறைந்த பின் அவருடைய மாணவர்கள் மொராவியாவிலிருந்து விரட்டப்பட்டனர். அவர்களுக்குப் பல்கேரிய அரசன் முதலாம் போரிஸ் புகலிடம் அளித்தான். பிரெஸ்லாவ், ஒஹ்ரித் ஆகிய நகரங்களில் ஸ்லாவிய எழுத்துக்கல்வி தழைத்தது. 988இல் கீவ் நாடு கிறித்தவத்தைத் தழுவியபோது அந்நூல்களே வடக்கே சென்றன. ரஷ்ய, பல்கேரிய மொழிகளின் ஏட்டுச் சொற்கள் நெருக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்நூல் மொழியில் ‘யஸிக்’ என்னும் சொல்லுக்கு நாக்கு, மொழி, இனம் என மூன்று பொருள்களும் இருந்தன. அரபியின் ‘லிஸான்’ நாவையும் மொழியையும் ஒருசேரக் குறிப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

மேற்கே ஊமையர், கிழக்கே புஸுர்மான்

ரஷ்யாவில் ‘நெமெத்ஸ்’ நெடுங்காலம் ஜெர்மானியரை மட்டும் குறிக்கவில்லை. 1652இல் ஜார் மன்னர் அலெக்ஸி மிகாய்லோவிச், மாஸ்கோவில் வாழ்ந்த அயல்நாட்டாரை நகருக்கு வெளியே யவுசா ஆற்றங்கரையில் குடியமர்த்தினார். அக்குடியிருப்புக்கு ‘நெமெத்ஸ்காயா ஸ்லபதா’ என்று பெயர். டச்சுக்காரர், ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தினர் எனப் பலரும் அங்கிருந்தனர். ரஷ்ய மொழி பேசாத மேற்கத்தியர் எவராயினும் ஊமையரே.

1863க்கும் 1866க்கும் இடையே வெளிவந்த விளாதிமிர் தால் என்பாரின் புகழ்பெற்ற அகராதி இதைத் தெளிவாக்குகிறது. ‘நெமெத்ஸ்’ என்பதற்கு, ரஷ்ய மொழி பேசாத மேற்கத்திய அந்நியன் என்ற வகையில் அவர் பொருள் கூறுகிறார். அத்துடன், ஆசியர்களானால் ‘புஸுர்மான்’ என்றும் குறித்துச் செல்கிறார். இந்த ‘புஸுர்மான்’ யார்? ‘முஸல்மான்’ என்னும் நம் பெயரே துருக்கிய மொழிகளின் வாயில் திரிந்து ரஷ்யர்களிடம் சென்ற வடிவம் அது. ஆக, ரஷ்யப் பொதுமக்களின் மனவரைபடத்தில் மேற்கெல்லையில் ஊமையரும் கிழக்கெல்லையில் முஸ்லிம்களும் இருந்தனர். ஒரு பெயர் மொழியிலிருந்தும் மற்றொன்று மார்க்கத்திலிருந்தும் பிறந்தவை. இரண்டும் காலப்போக்கில் ‘நம்மவன் அல்லன்’ என்ற ஒரே பொருளை ஏற்றன. ‘இறைவனுக்குப் பணிந்தவன்’ என்னும் பொருளுடைய சொல், வேற்றுமொழியில் ஏச்சுச் சொல்லாகித் தேய்ந்தது.

ஆனால் அதே சொல்லை ஏச்சாக அன்றி வழங்கிய ரஷ்யர் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். த்வேர் நகர வணிகர் அஃபனாஸி நிகிதின், 15ஆம் நூற்றாண்டில் பஹ்மனி சுல்தான்களின் தலைநகர் பீதருக்கு வந்து சென்றவர். அவரது பயண நூலில் முஸ்லிம்கள் ‘பெஸெர்மென்’ என்றே குறிக்கப்படுகின்றனர். தம் கிறித்தவ மார்க்கத்தைக் காத்துக்கொள்ள வேண்டுமே என்ற கவலை நூல் நெடுகிலும் உண்டு. எனினும் அந்நூலின் முடிவில், ரஷ்ய எழுத்துகளில் எழுதப்பட்ட அரபு துஆ ஒன்று காணப்படுகிறது. அல்லாஹ்வின் அழகிய திருநாமங்கள் அதில் வரிசையாக வருகின்றன.

அரபுக்கு வந்த வழி

இச்சொல்லை அரபியர் மிக முன்பே கேள்விப்பட்டிருந்தனர். ஹிஜ்ரி 345இல் (956) மறைந்த மஸ்ஊதி, ‘முரூஜுத் தஹப்’ நூலில் ஸகாலிபா இனப்பிரிவுகளைச் சொல்லும்போது ‘நாம்ஜீன்’ என்றொரு கூட்டத்தாரைக் குறிப்பிடுகிறார். அது ‘நெம்த்ஸி’ என்பதன் அரபு வடிவமே என ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஜெர்மானியரை ஸ்லாவியருள் ஒரு பிரிவாக அவர் எண்ணியது, ஸ்லாவியர் வாய்வழிச் செய்தி அவரை எட்டியதையே காட்டுகிறது. அதே நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைனின் அரசவைச் சடங்கு நூலும் பவேரியரை இப்பெயரால் சுட்டுகிறது.

ஆயினும் அப்பெயர் அன்று அரபியில் வேரூன்றவில்லை. சிலுவைப் போர்க் காலத்தில் ஜெர்மானியப் பேரரசர் பார்பரோஸாவை, வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் முதலானோர் ‘மலிக்குல் அல்மான்’ என்றே எழுதினர். ‘நிம்ஸா’ நிலைபெற்றது உஸ்மானியர் காலத்தில்தான். பால்கன் நாடுகளில் ஸ்லாவிய மக்களை ஆண்டும், அவர்களுக்கிடையே வாழ்ந்தும் வந்த உஸ்மானியர், வடமேற்கு எல்லையில் தாம் எதிர்கொண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசை ‘நெம்ச்செ’ என்று அழைத்தனர். 1529இலும் 1683இலும் வியன்னாவை முற்றுகையிட்ட அவர்களுக்கு, நெருங்கி அறிந்த ஜெர்மன் மொழி அரசு ஆஸ்திரியாவே. 1665இல் தூதுக் குழுவோடு வியன்னா சென்ற பயணி எவ்லியா செலெபியும் இப்பெயரையே ஆண்டார். உஸ்மானியரின் ஆட்சி மொழியிலிருந்து அரபு மாகாணங்கள் இதைப் பெற்றன. பின்னாளில் துருக்கியர் ‘அவுஸ்துர்யா’ என்று மாற்றிக்கொண்டனர். அரபு மொழியோ பழைய பெயரை விடவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. ஸ்லாவிய மொழிகளில் ‘நெமெத்ஸ்’ ஜெர்மானியரைக் குறிக்கிறது. ஆஸ்திரியாவுக்கு அங்கே ‘அவ்ஸ்த்ரியா’ என்ற தனிப்பெயர் உண்டு. அரபியிலோ அப்பெயர் ஆஸ்திரியாவுக்கு மட்டும் உரியதாகி, ஜெர்மானியர் வேறு பெயர் பெற்றனர். இன்று ஓர் அரபியர் ‘நிம்ஸா’ என்னும்போது எவரையும் இழிவுபடுத்தவில்லை. சொல் பயணத்தில் தன் நஞ்சை உதிர்த்துவிட்டது.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால்

சொல் நஞ்சை உதிர்த்தாலும், அதைப் பிறப்பித்த மனப்போக்கு ஓரினத்தோடு நின்றதன்று. அரபு மொழியிலேயே அதற்கு நேரான இணை இருக்கிறது. ஐன், ஜீம், மீம் என்னும் வேர், தெளிவின்மையையும் பேச்சின்மையையும் குறிப்பது. வாய்பேசாப் பிராணிக்கு ‘அஜ்மா’ என்று பெயர். கால்நடை தானாக விளைவித்த காயத்திற்கு ஈடில்லை என்னும் நபிமொழியில் இச்சொல் வருகிறது. அவ்வேரிலிருந்துதான் அரபியர் அல்லாதாரைக் குறிக்கும் ‘அஜம்’ என்ற சொல் கிளைத்தது. எதிர்ப்பக்கத்தில் ‘அஃரப’ என்றால் தெளிவாக எடுத்துரைத்தான் என்று பொருள். ‘அரப்’ என்னும் பெயரை அகராதி ஆசிரியர்கள் இதனோடு இணைத்துப் பேசுவர். ஸ்லாவியரின் ‘ஸ்லோவோ – நெமெத்ஸ்’ என்னும் இணையும், அரபியரின் ‘அரப் – அஜம்’ என்னும் இணையும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன. கிரேக்கர் அயலாரை ‘பார்பரோஸ்’ என்றதும், வடமொழியினர் ‘மிலேச்சர்’ என்றதும் தெளிவற்ற பேச்சைச் சுட்டியே.

தமிழரும் இதற்கு விலக்கல்லர். பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், மன்னனின் பாசறையில் பணிபுரியும் மிலேச்சர் பேச்சின்றிச் சைகையால் கருத்துணர்த்துவோராகக் காட்டப்படுகின்றனர். அதே சமயம், வேற்று மொழி வழங்கும் நாட்டைச் சங்கப் பாடல்கள் ‘மொழிபெயர் தேயம்’ என்றும் குறித்தன. மொழி மாறுபடும் நாடு என்பது அதன் பொருள். அங்கே இருப்பவன் ஊமையன் அல்லன். வேறு மொழி பேசுபவன். ஒரே மொழியின் இலக்கியத்தில் இருவகைப் பார்வைகளும் அருகருகே உள்ளன.

இஸ்லாம் தந்த திருத்தம்

திருக்குர்ஆன் ‘அஃஜமீ’ என்ற சொல்லை ஆண்டிருக்கிறது. நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு மனிதரே கற்றுத் தருகிறார் என்று மக்கத்து மறுப்பாளர்கள் பழித்தபோது, அவர்கள் சுட்டுகிறவரின் மொழி அஃஜமீ, இதுவோ தெளிவான அரபு மொழி என மறுமொழி வந்தது (16:103). இங்கே அச்சொல் மொழி வேறுபாட்டைச் சுட்டும் வாதமே தவிர, எவரையும் தாழ்த்தும் ஏச்சன்று. ஒவ்வொரு தூதரும் அவரவர் சமூகத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டதாக மற்றோர் இடம் கூறுகிறது (14:4). மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணச் சொல்கிறது இன்னோர் இடம் (30:22). ஸ்லாவியரின் எழுத்துக்காக வெனிஸில் வாதிட நேர்ந்ததற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வசனங்கள் இறங்கிவிட்டன. பட்டப்பெயர் சூட்டிப் பழிப்பதைத் தடுக்கும் கட்டளையும் (49:11), இனங்களும் குலங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்னும் அறிவிப்பும் (49:13) ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து வருவது சிந்திக்கத்தக்கது. அரபிக்கு அஜமியைவிட இறையச்சத்தால் அன்றி மேன்மை இல்லை என்ற இறுதி ஹஜ்ஜின் அறிவிப்பை முஸ்னது அஹ்மத் பதிவு செய்துள்ளது.

இது ஏட்டளவில் நிற்கவில்லை. ரோமானியர் நடுவே வளர்ந்ததால் ஸுஹைப் (ரலி) அவர்களின் அரபுப் பேச்சில் அந்நியச் சாயல் இருந்ததென வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, புதிய கலீஃபா தேர்ந்தெடுக்கப்படும்வரை மக்களுக்குத் தொழுகை நடத்தும் பொறுப்பை அந்த ஸுஹைபிடமே ஒப்படைத்தார்கள். நாவில் அஜமியச் சாயல் உடையவரின் பின்னால் அரபியர் அணிவகுத்து நின்றனர்.

குர்ஆன் எழுத்தில் இடப்பட்ட புள்ளிகளின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. ஒலிக்குறிகளாக அபுல் அஸ்வத் அத்துஅலீ இட்ட புள்ளிகளை ‘நுகத்துல் இஃராப்’ என்பர். உருவில் ஒத்த எழுத்துகளைப் பிரித்தறிய நஸ்ர் இப்னு ஆஸிம், யஹ்யா இப்னு யஃமர் ஆகியோர் இட்டதாகச் சொல்லப்படுபவை ‘நுகத்துல் இஃஜாம்’. அரபுக்குரிய வேரும் அஜமுக்குரிய வேரும் இறைவேதத்தின் எழுத்தைத் தெளிவாக்கும் பணியில் ஒன்றுசேர்ந்தன. மயக்கத்தைக் குறிக்கும் வேரிலிருந்து தெளிவாக்குதலைக் குறிக்கும் ‘இஃஜாம்’ எவ்வாறு வந்தது? முன்னால் சேரும் ஹம்ஸா, வேரின் பொருளை நீக்கும் ஆற்றலுடையது. எனவே ‘அஃஜம’ என்றால் மயக்கத்தை நீக்கினான் என விளக்கினார் இலக்கண மேதை இப்னு ஜின்னீ (ஹிஜ்ரி 392). அகராதிக்கு ‘முஃஜம்’ என்ற பெயரும் இவ்வழி வந்ததே. இந்நுட்பத்தை விளக்கிய இப்னு ஜின்னீயின் தந்தை ஒரு ரோமானிய அடிமை. அரபு இலக்கணத்தின் தலைநூலாகிய ‘அல்கிதாப்’பை எழுதிய ஸீபவைஹி பாரசீகர். ஊமையர் எனப்பட்டோரே அரபு நாவுக்கு இலக்கணம் வகுத்தனர்.

ஸ்லாவியரின் பெயரும் இவ்வரலாற்றில் உண்டு. அந்தலூஸில் ஐரோப்பியப் பிறப்புடைய அடிமைகளும் விடுதலை பெற்றோரும் ஸகாலிபா எனப்பட்டனர். அவர்களுள் ஒருவராக எண்ணப்படும் முஜாஹித் அல்ஆமிரீ, 11ஆம் நூற்றாண்டில் தானியா நகரின் ஆட்சியாளரானார். நம் மதரஸாக்களில் ஏழு கிராஅத்துகளைப் பயிலும் மாணவர்கள் அறிந்த ‘அத்தய்ஸீர்’ நூலின் ஆசிரியர் அபூஅம்ர் அத்தானீ, வாழ்ந்து சிறந்தது அந்நகரில்தான். ‘அல்முக்கஸ்ஸஸ்’, ‘அல்முஹ்கம்’ என்னும் பேரகராதிகளைத் தந்த பார்வையற்ற மேதை இப்னு ஸீதாவும் முஜாஹிதின் ஆதரவில் இருந்தவர். ‘சொல் உடையோர்’ என்ற பெயர் மேற்கே அடிமை என்று தேய்ந்த காலத்தில், அப்பெயர் தாங்கிய ஒருவரின் நிழலில் அரபுச் சொற்களுக்கெல்லாம் களஞ்சியம் தொகுக்கப்பட்டது.

முஸ்லிம்கள் எக்காலத்திலும் இந்நெறியில் வழுவவில்லை என்று சொல்வதற்கில்லை. உமய்யா ஆட்சியில் இஸ்லாத்தைத் தழுவிய அஜமிகளிடம் ஹஜ்ஜாஜ் ஜிஸ்யா வரியைத் தொடர்ந்து வாங்கினார். உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் அதை நிறுத்தினார்கள். அரபியப் பெருமிதத்திற்கு எதிராக ‘ஷுஊபிய்யா’ இயக்கம் எழுந்ததும் அக்காலங்களின் எச்சமே. அவ்வியக்கத்தின் பெயரே 49:13ஆம் வசனத்தில் வரும் ‘ஷுஊப்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. குறையை எதிர்க்கவும் குர்ஆனின் சொல்லே ஆயுதமாயிற்று.

நமக்கான கேள்வி

தமிழ் முஸ்லிம்களாகிய நாம் அஜமிகள். நம் முன்னோர் அதற்காக நாணவில்லை. அரபு எழுத்துகளில் மேலும் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துத் தமிழ் ஒலிகளை எழுத வழிகண்டு, அரபுத்தமிழில் மார்க்க நூல்களை இயற்றினர். போஸ்னியாவின் ஸ்லாவிய முஸ்லிம்களும் தங்கள் தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதினர். 1631இல் முஹம்மத் உஸ்கூஃபீ என்னும் கவிஞர் போஸ்னிய – துருக்கிய அகராதியையே யாத்தார். இவர்கள் அரபை நேசித்தனர். அதற்காகத் தம் தாய்மொழியை ஊமையாக்கவில்லை. அரபு கற்றவர் தமிழைத் தாழ்வாகக் கருதுவதும், தமிழ் கற்றவர் அரபை அந்நியம் என ஒதுக்குவதும் இம்மரபுக்குப் புறம்பானவை.

இன்னொரு கடமையும் உண்டு. இன்று நம் ஊர்களின் கட்டுமானத் தலங்களிலும் உணவகங்களிலும் வங்காளமும் இந்தியும் பேசும் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். அவர்களுள் நம் மார்க்கத்தாரும் உளர். ஜும்ஆவில் நம் தோளோடு தோள் சேர்த்து நிற்கின்றனர். ஸலாம் கொடுத்த பின் அவர்களுடன் பேசுவார் இல்லை. அவர்களின் பெயரையும் கேட்பார் இல்லை. ‘வடக்கன்’ என்ற ஒரு சொல்லில் அவர்களை அடக்கிவிடுகிறோம். அவர்கள் ஊமையர் அல்லர். கேட்கும் செவி இல்லாத இடத்தில் எந்த நாவும் ஊமையாகவே தோன்றும். முல்லைப்பாட்டின் பாசறையில் சைகையால் பேசிய பணியாளனுக்கும் ஒரு தாய்மொழி இருந்திருக்கும். அதைக் கேட்டறிந்தவர் அங்கு எவரும் இலர்.

அரபு வரைபடத்தில் ‘நிம்ஸா’ அப்படியே இருக்கட்டும். அதனால் எவருக்கும் தீங்கில்லை. மனிதர்களுக்கு நாம் சூட்டும் பெயர்களைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டோம் என்று நம்புவோர், முதலில் அண்டை வரிசையில் நிற்பவரின் பெயரைக் கேட்டறிய வேண்டும்.

வல்லாஹு அஃலம்.